ஒஸ்மோனாலி தெரு, எண் 11

செப்டம்பர் 12

தங்கச்சி பெர்மெட்டுக்கு அண்ணன் எசென்பெக் எழுதுவது.

உன் உடம்பு, கை கால், பசி, தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா? பிஷ்கெக்கில் குளிர் இறங்கிவிட்டதா? உன் மந்தை எப்படி இருக்கிறது? ஊரில் எல்லோரும் ஆடும் குதிரையும் வளர்க்க, நம் வீட்டில் எலிக்குட்டி மேய்க்கும் பட்டதாரி நீ ஒருத்திதான். நான் நலம். ஒரே ஒரு விலா எலும்பு மட்டும் மூச்சு விடும்போது குத்துகிறது.

இந்தக் கடிதம் ரொட்டி வண்டி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் ஒளிந்து சிறையை விட்டு வருகிறது. அதிகாரிகள் படிக்கப்போவதில்லை. நீயும் அவன் கையிலேயே பதிலைக் கொடு. அதனால் மனதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

விலா எலும்பின் கதை இது. போன வாரம் எங்கள் கொட்டடியில் ஒருவனுக்கு வலிப்பு வந்தது. ஆறு பேர் அவன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஒருத்தன் கரண்டிக் காம்பை வாய்க்குள் திணித்தான். இரண்டு பல் உடைந்து தரையில் விழுந்தது. எனக்கு என் மகள் மேரிம் துடித்தது கண்முன் வந்துவிட்டது. முக்காலியை எடுத்துக் கரண்டிக்காரன் மண்டையில் போட்டேன். அவன் கூட்டாளிகள் என்னைச் சுவரோடு சாய்த்து மிதித்தார்கள். யார் யாரை அடித்தது என்று கேட்க வந்தவர்களிடம் ஒருவனும் வாய் திறக்கவில்லை. அதனால் ஏப்ரலில் என்னை முன்கூட்டியே விடுவிக்கும் பேச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது.

வெளியே வந்ததும் நான் முதலில் பார்க்கப்போகும் ஆள் யாரென்று உனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் சாபார். இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்கு ஒரு கண்ணை விட்டுவைத்தது என் தப்பு. அவன் என் பிள்ளைக்குப் போட்டது வெறும் தண்ணீர். ஊசி உள்ளே போனதை என் கண்ணால் பார்த்தேன். பிள்ளை துடித்துக்கொண்டே இருந்தாள். அசல் மருந்தை எங்கேயோ விற்றுத் தின்றுவிட்டான். நீ வலிப்பைத்தானே ஆராய்கிறாய்? அசல் மருந்தாக இருந்தால் வலிப்பு நின்றிருக்கும் என்று உங்கள் ஆய்வுக்கூடத்து முத்திரையோடு ஒரு தாள் எழுதி அனுப்பு. அதை அவன் வாயில் திணித்துவிட்டு மற்றதைச் செய்கிறேன்.

ஜிபெக்கிடம் கேள், புருஷனுக்கு ஒரு வரி எழுதக் கை நோகிறதா என்று. இரண்டு வருஷமாக ஒரு கடிதம் இல்லை. ‘அண்ணி விசாரித்தாள்’ என்று நீ எழுதுவதோடு சரி.

உன் தலைமாட்டில் நோய் அண்டாதிருக்கட்டும்.
எசென்பெக்


அக்டோபர் 3

அண்ணா, உனக்கு என் சலாம்.

விலா எலும்புக்கு எதையாவது இறுக்கிக் கட்டிக்கொள், சிரிக்காமல் இரு. இரண்டாவது உனக்குக் கஷ்டமாக இருக்காது. நான் நலம். எலிகளும் நலம், சாகும் நாள் வரைக்கும்.

முத்திரை கேட்டாய். முத்திரை என் பெட்டியில் இருக்கும் பண்டமல்ல. முதலில் இங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். பிறந்து ஏழு நாளான எலிக்குட்டியின் தலையைக் கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டுகிறேன். தயங்கினால் அதற்கு வலிக்கும், அதனால் தயங்குவதில்லை. மூளைக்குள் நினைவைச் சேர்த்துவைக்கும் இடம் ஒன்று உண்டு. நம் கம்பளங்களில் இருக்கும் கிடாக்கொம்பு வளைவு அச்சாக அங்கே இருக்கிறது. அதைத் தலைமுடி கனத்துக்குச் சீவி, தட்டில் வைத்து, உடம்புச் சூட்டில் இரண்டு வாரம் வளர்க்கிறேன். உடம்பில்லாமல் அந்தத் துண்டு உயிரோடு இருக்கும். பிறகு அது நனைந்திருக்கும் நீரிலிருந்து மெக்னீசியம் என்ற உப்பை எடுத்துவிட்டால் வலிப்பு கிளம்பிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, திரையில் கோடு மட்டும் மேலும் கீழும் வெட்டும். ஒரு செல் பக்கத்துச் செல்லைத் தூண்ட, அது அடுத்ததைத் தூண்ட, எல்லாம் ஒன்றையொன்று அடித்தே சாகின்றன. அங்கே காய்ச்சல் கிடையாது, மூச்சடைப்பும் கிடையாது. அந்தத் துடிப்பே கொல்கிறது. அதுவும் அப்போதே தெரியாது. மறுநாள் ஒரு சாயம் விட்டால் செத்தவை மட்டும் சிவப்பாக ஒளிரும்.

உன் மருந்தை நான் சோதித்துப் பார்க்கிறேன். என்ன வருகிறதோ அதை எழுதுவேன். உனக்குப் பிடித்ததை எழுத மாட்டேன்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மேரிமுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. காலையில் ஐந்து எழுத்து கற்றுக்கொள்கிறாள். மதியச் சாப்பாட்டுக்குள் ஐந்தும் போய்விடுகிறது. வலிப்புக்கு முந்திய பாட்டெல்லாம் ஞாபகம் இருக்கிறது, நேற்று யார் வந்தார்கள் என்பது இல்லை. தினமும் ‘அப்பா எங்கே?’ என்கிறாள். தினமும் அண்ணி, ‘மலைக்கு ஆடு ஓட்டிட்டுப் போயிருக்காரு’ என்கிறாள். அவளுக்கு அது ஒவ்வொரு நாளும் புதுச் செய்தி.

அண்ணி நலம். வேலை அதிகம். விசாரித்தாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
பெர்மெட்


அக்டோபர் 20

பெர்மெட்டுக்கு,

நலமா? நான் நலம். விலா சேர்ந்துவிட்டது.

எலித்தலை வெட்டுவதை எழுதியிருந்தாயே, அதைக் கொட்டடியில் வாசித்துக் காட்டினேன். கொலைக்கு வந்தவன் ஒருவன், ‘உன் தங்கச்சி வெளிய இருக்கா, நான் உள்ள இருக்கேன், என்னய்யா நியாயம்?’ என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் நீ சுற்றி வளைக்கிறாய். அந்த நாளை மறுபடி எழுதுகிறேன், உன் எலிகளிடம் சரியாகச் சொல். ஜூன் மாதம், ஊரே மேய்ச்சல் மலையில். நம் தெருவில் ஜிபெக்கும் பிள்ளையும், காது கேளாத கிழவர் ஒருவரும்தான். ஆடுகளுக்கு உப்புக்கட்டி ஏற்றிப்போக நான் மலையிலிருந்து குதிரையில் இறங்கிக்கொண்டிருந்தேன். வாசலுக்கு வந்தால் ஆம்புலன்ஸும் அப்போதுதான் திரும்புகிறது. உள்ளே பிள்ளை. வாயில் நுரை, கண் மேலே செருகி, கை கால் வெட்டிக்கொண்டு. ஜிபெக் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாபார் ஊசி போட்டான். நிற்கவில்லை. இன்னொன்று போட்டான். நிற்கவில்லை. ‘பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும், நேரம் கடந்துபோச்சு’ என்றான். அந்த வார்த்தைதான். வெளியே போய்ச் சேணத்திலிருந்து அங்கவடி இரும்பைக் கழற்றினேன். பிள்ளையை வண்டியில் ஏற்றும் வரை பொறுத்தேன். அதற்குப் பிறகு பொறுக்கவில்லை. தாடை முதல் அடியிலேயே போய்விட்டது. எலும்பு உடையும் சத்தம் காதில் கேட்டது, நன்றாக இருந்தது. கண்ணில் விழுந்தது நான்காவதோ ஐந்தாவதோ. ஓட்டுநர் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் முடித்திருப்பேன்.

ஜிபெக் போன் செய்தது பதினொன்று எட்டுக்கு. வண்டி வந்தது பதினொன்று ஐம்பத்தைந்துக்கு. வழக்கறிஞர் போனைப் பார்த்துச் சொன்னது. வட்டத் தலைநகரிலிருந்து நம் வாசலுக்குப் பதினைந்து நிமிஷம். நாற்பத்தேழு நிமிஷம் எங்கே போனான்? முழுசாக நாற்பத்தேழு. குடித்துக்கொண்டிருந்தான், வேறென்ன.

தண்ணீரா இல்லையா, அதை மட்டும் எழுது.
எசென்பெக்


நவம்பர் 25

அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது? உனக்குக் கம்பளிக் காலுறை கொடுத்தார்களா? நான் அனுப்பியது கிடைத்ததா? பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். மூன்று முறை செய்துபார்க்காமல் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

தண்ணீர் இல்லை.

ஒரே நாளில் வளர்ந்த துண்டுகளை நான்கு கூட்டமாகப் பிரித்தேன். முதல் கூட்டத்தைத் தொடவில்லை. இரண்டாவதில் வலிப்பைக் கிளப்பி ஐந்தாம் நிமிடத்தில் மருந்து விட்டேன். சாபார் போட்ட அதே மருந்துதான், நானே முத்திரை உடைத்த புட்டி. கோடு அடங்கிவிட்டது. மூன்றாவதில் நாற்பத்தேழாவது நிமிடத்தில் விட்டேன். நீ சொன்ன நாற்பத்தேழு. கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அண்ணா. எலித்துண்டுதான், தெரியும். முப்பதாவது நிமிடத்திலேயே மருந்தை விட்டுவிடலாம் போல இருந்தது. விடவில்லை. நாற்பத்தேழில் அதே அளவு விட்டேன். கோடு நிற்கவில்லை. இரண்டு மடங்கு விட்டேன். நிற்கவில்லை. நான்காவது கூட்டத்துக்கு மருந்தே விடவில்லை. அதற்கும் மூன்றாவதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

காரணம் இது. அந்த மருந்து போய்த் தட்ட வேண்டிய கதவுகள் செல்லின் மேல்தோலில் இருக்கின்றன. வலிப்பு நீண்டுகொண்டே போனால் செல் அந்தக் கதவுகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மருந்து அசல்தான். வந்தபோது தட்டக் கதவு இல்லை.

இத்துடன் இரண்டு படம் வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் மருந்து போட்டதில் அங்கொன்றும் இங்கொன்றும் சிவப்புப் புள்ளி. நாற்பத்தேழில் போட்டதைப் பார். கிடாக்கொம்பு முழுக்கச் சிவப்பாக எரிகிறது. இதைப் பார்த்துவிட்டு நான் கழிவறைக்குப் போய் அழுதேன். உன் மகள் ஏன் எழுத்தை மறக்கிறாள் என்று கேட்டாயானால் இதுதான் பதில்.

சாபார் சரியான மருந்தைத்தான் போட்டார். அவரை விட்டுவிடு. என் முத்திரை இவ்வளவுதான்.

அண்ணி விசாரித்தாள். மேரிம் உனக்கு ஒரு குதிரை வரைந்திருக்கிறாள். யாருக்கு வரைந்தாள் என்பதை மறந்துவிட்டாள், நான் எழுதிவைத்துக்கொண்டேன்.
பெர்மெட்


டிசம்பர் 10

தங்கச்சிக்கு,

காலுறை கிடைத்தது. குதிரை கிடைத்தது. படங்களும் கிடைத்தன. நான் நலம், நீயும் அப்படியே இரு.

அந்தச் சிவப்புப் படத்தைப் படுக்கைக்கு மேலே சோற்றால் ஒட்டிவைத்திருக்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரன், ‘என்னய்யா இது, எரியுற ஊர் மாதிரி இருக்கு’ என்றான். என் மகள் தலைக்குள் இருக்கும் ஊர் என்றேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

நீ சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் இல்லை. ஆனால் நீ என்ன நிரூபித்திருக்கிறாய் என்று உனக்கே புரியவில்லை, படித்த பெண்ணே. மருந்து தப்பில்லை, நேரம்தான் கொன்றது என்கிறாய். அப்படியானால் நேரத்தைத் தின்றவன் யார்? ஐந்து நிமிஷத்தில் அடங்கியிருக்க வேண்டியதை நாற்பத்தேழு ஆக்கியவன் யார்? முன்பு அவனைத் திருடன் என்று மட்டும் நினைத்தேன். இப்போது கொலைகாரன் என்று உன் முத்திரை சொல்கிறது. ஏப்ரலில் அவனை ஒரே அடியில் விட மாட்டேன். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு நாற்பத்தேழு நிமிஷம் எடுத்துக்கொள்வேன். உன் மாதிரியே. கரண்டிக் காம்பு ஒன்றைச் சிமெண்டில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், கூர் நன்றாக வருகிறது.

அப்பா பெயரில் இருக்கும் தெருவில், அவர் பெயர்ப்பலகை பார்த்துக்கொண்டிருக்க, அவர் பேத்தியை இப்படி விட்டார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. மரியாதைக்கு உயிரைக் கொடுக்கிற வீடு நம்முடையது. உனக்கு ஞாபகமிருக்கும், அப்பாவின் ஆண்டு நினைவு விருந்தில், பலகை புதிதாக மாட்டிய அன்று, ஜிபெக் விருந்தாளிகளுக்கு அதை உரக்கப் படித்துவிட்டாள். மருமகள் வாயில் மாமனார் பெயர்! நாற்பது பேர் எதிரில் என் கை போய்விட்டது. உதடு கிழிந்து விரிப்பில் ரத்தம் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷத்தில் ஒரு தடவை அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. ‘தாத்தா’ என்பாள், ‘பெரியவர்’ என்பாள். வீடு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அவ்வளவு அடக்கமானவளுக்குக் கடிதம் எழுத மட்டும் ஏன் முடியவில்லை என்று கேள்.
எசென்பெக்


ஜனவரி 15

அண்ணா,

நலமா? இங்கே குழாய்கள் உறைந்துவிட்டன. எனக்கு இருமல் இருக்கிறது, வேறொன்றுமில்லை.

உன் கடிதத்தை ஒரு மாதமாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த விருந்தில் நானும் இருந்தேன். நான்தான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ அண்ணியை அடித்தபோது யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுத்த கிண்ணத்தை எடுத்து ஊற்றினேன். விரிப்பை மாற்றினேன். அதை நீ பெருமையாக எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. என்னையும்தான்.

சாபாரைப் போய்ப் பார்த்தேன். உன்னிடம் கேட்டுக்கொண்டு போகவில்லை. இன்னாரின் தங்கை என்று சொன்னதும் அவர் மனைவி கதவைச் சாத்தப் பார்த்தாள். அவர்தான் ‘வரட்டும்’ என்றார். ரொட்டியும் பாலேடும் வைத்தார்கள். ஒரு பக்கமாக மென்றுதான் சாப்பிட முடிகிறது அவரால். தாடைக்குள் கம்பி. கண் இருந்த இடத்தில் தோல் மூடித் தைத்திருக்கிறார்கள், அந்தப் பக்கத்திலிருந்து பேசினால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்கிறார். இப்போது ஆம்புலன்ஸில் ஏறுவதில்லை, வீடு வீடாகப் போய் மருந்து கொடுக்கிறார்.

அவர் குடித்திருக்கவில்லை. அந்த நாற்பத்தேழு நிமிடத்தில் முப்பது நிமிடம் கீழ் ஊர்க் கால்வாய்ப் பாலத்தருகே ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு பேர் அவரைப் பார்த்திருக்கிறார்கள், நான் போய்க் கேட்டேன். முகவரியில் ஒரு குழப்பம். அவர்மேல் தப்பில்லை. இதற்குமேல் என்னைக் கேட்காதே.

மேரிம் நலம்.
பெர்மெட்


ஜனவரி 30

பெர்மெட்,

விசாரிப்பெல்லாம் கிடக்கட்டும்.

குழப்பமா? இந்த வட்டம் முழுக்க அந்தப் பெயரில் ஒரே ஒரு தெரு. பலகை நீல நிறத்தில் நம் சுவரிலேயே தொங்குகிறது. ஆடு கூடப் பார்த்து வரும். என்ன குழப்பம்? அவன் வீட்டு ரொட்டியைத் தின்றுவிட்டு வந்து அவன் பொய்யை எனக்கு ஊட்டுகிறாயா? நீதிமன்றத்தில் நீதிபதி ஏன் தாமதம் என்று கேட்டபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். குற்றமில்லாதவன் ஏன் குனிகிறான்?

விடுதலை நாளைக் குறித்துவிட்டார்கள். ஏப்ரல் 14. இந்த வாசலிலிருந்து நேராக அவன் வாசலுக்கு. வீட்டுக்குக் கூடப் போகப்போவதில்லை. நேற்று என் காம்பைத் திருட வந்தவன் உள்ளங்கையில் அது இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. நன்றாகத்தான் வேலை செய்கிறது.

சொல்ல ஒன்றுமில்லை என்றால் எழுதாதே.
எசென்பெக்


பிப்ரவரி 24

அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டும். அதை மரியாதைக்காக எழுதவில்லை.

சொல்ல இருக்கிறது. ஆனால் சொன்னால், உன் கத்தியை ஒரு கழுத்திலிருந்து எடுத்து இன்னொரு கழுத்தில் நானே வைத்ததாகிவிடும். சொல்லாவிட்டால் ஒரு நல்ல மனிதர் சாவார். மூன்று வாரமாக எலித்தலையைக் கூட என்னால் வெட்ட முடியவில்லை, வேறு ஆள் வெட்டுகிறார்.

சாபார் ஏன் தலை குனிந்தார் என்று கேட்டாய். ஒருவரைக் காப்பாற்ற. உன்னிடமிருந்து. கம்பி கட்டிய வாயோடு, ஒற்றைக் கண்ணோடு, உனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்தார். இந்த விஷயம் வெளியே வந்தால் நீ என்ன செய்வாய் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் நீ செய்ததை அவர் முகத்தில் சுமந்துகொண்டிருந்தார்.

மேரிம் தலைமேல் சத்தியம் செய். யாராக இருந்தாலும் உன் கை எழாது என்று. பிறகு எழுதுகிறேன்.
பெர்மெட்


மார்ச் 5

பெர்மெட்,

சத்தியம் எல்லாம் கிடையாது. என் பிள்ளையின் மூளையைத் தின்றவர் யாரோ அவரை வைத்துக்கொண்டு நீயும் அந்தக் குருடனும் கண்ணாமூச்சி ஆடுகிறீர்கள்.

பெயர் மட்டும் சொல். எனக்கு ஒரே ஒரு பெயர் போதும்.
எசென்பெக்


மார்ச் 22

(உறையின் பின்புறம், அனுப்புநர் இடத்தில், நடுங்காத கையெழுத்தில்: ஜிபெக், ஒஸ்மோனாலி தெரு, எண் 11, மேல் ஊர்.)

எசென்பெக்குக்கு,

உங்களைப் பெயர் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்பது வழக்கம். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் கேட்டீர்களாம். பெர்மெட் உங்கள் கடிதங்களையெல்லாம் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு அழுதாள். நான் எழுதுகிறேன் என்று சொன்னேன். நீங்கள் கேட்ட பெயர் ஒஸ்மோனாலி.

அன்று பதினொன்று எட்டுக்கு நான் போன் செய்தேன். எடுத்த பெண், ‘எந்தத் தெரு?’ என்று கேட்டாள். ‘தாத்தா தெரு’ என்றேன். ‘எந்தத் தாத்தா? பேரச் சொல்லும்மா’ என்றாள். எனக்கு எதிரே சன்னல். சன்னலுக்கு வெளியே நீலப் பலகை. எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. மடியில் பிள்ளை வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயர் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தேன், உதட்டில் ரத்தச் சுவை வந்தது. ரத்தம் இல்லை, அந்த விருந்தன்று வந்த பழைய சுவை. நாக்கின்மேல் உங்கள் கை இருந்தது. ‘கால்வாய்ப் பாலத்தத் தாண்டி, ரெண்டு நெட்டிலிங்க மரம், நீலக் கதவு’ என்றேன். மூன்றாவது தடவையும் பெயர் கேட்டாள். மூன்றாவது தடவையும் மரத்தைச் சொன்னேன். ‘அப்ப கீழ் ஊர்ப் பாலமா?’ என்றாள். பிள்ளை நீலமாகிக்கொண்டிருந்தாள், ஆமா ஆமா, சீக்கிரம் என்றேன்.

திரும்பக் கூப்பிட்டார்கள். அப்போதும் பெயர்தான் கேட்டார்கள். போனைக் கீழே வைத்துவிட்டேன். கீழ் ஊரில் அப்படி ஒரு வீடு இல்லை என்று கண்ட பிறகுதான் சாபார் நம் மேல் ஊர்ப் பாலத்துக்கு வந்தார். நாற்பத்தேழு நிமிஷமும் நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மூன்றே வினாடியில் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல் இருந்தது நான்தான். சொல்ல முடியாமல் ஆக்கியது யார் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பெருமையாக, டிசம்பரில்.

நான் கடிதம் எழுதாததற்கும் இதுதான் காரணம். உறைமேல் நான் இருக்கும் இடத்தை எழுத வேண்டும்.

நீதிமன்றத்தில் சாபார் என்னைப் பார்த்தார். பிறகு தலை குனிந்தார். போன வருஷம் அவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழப் பார்த்தேன். ‘எழுந்திரும்மா. புள்ளைக்கு மருந்து நேரத்துக்குப் போகுதா? அதச் சொல்லு மொதல்ல’ என்றார். அன்றிலிருந்து வியாழக்கிழமை தோறும் வருகிறார். மேரிம் அவரை ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பார்த்து, ‘உங்க கண்ணு எங்க?’ என்று கேட்கிறாள். ‘குதிர ஒதச்சிடுச்சு’ என்கிறார் ஒவ்வொரு வாரமும்.

இப்போது என் மகளுக்கு நான் முகவரி சொல்லிக்கொடுக்கிறேன். மறுபடி வலிப்பு வந்தால், நான் பக்கத்தில் இல்லாவிட்டால், அவளே சொல்ல வேண்டும். ஒஸ்மோனாலி தெரு, எண் பதினொன்று. காலையில் சொல்கிறாள், மதியத்துக்குள் மறந்துவிடுகிறாள். நான் மறுபடி சொல்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை உங்கள் அப்பா பெயரைச் சத்தமாகச் சொல்கிறேன். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். இப்போது பிடிப்பதில்லை.

ஏப்ரல் 14 ஒரு வியாழக்கிழமை. அந்தக் காம்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டாம், அவர் இங்கே இருப்பார். நானும் இருப்பேன். யாரைக் குத்துவது என்று வாசலில் நின்று முடிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளை பார்த்தாலும் பரவாயில்லை, மறுநாள் அவளுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கும் சாபாருக்கும்தான் இருக்கும்.

ஜிபெக்


ஏப்ரல் 8

தங்கச்சி பெர்மெட்டுக்கு,

இருமல் நின்றதா? நின்றிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஜிபெக்கின் கடிதம் வந்தது. படித்த அன்று எதையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது. முக்காலியைத் தூக்கினேன். யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. கொட்டடியில் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அப்படியே இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். சோறு எடுக்கவில்லை. அந்தச் சிவப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு நடந்ததில் இரண்டு வருஷமாகச் சாபார் கையைத் தேடினேன். என் கையை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

காம்பை ரொட்டி வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டேன். ‘என்னய்யா, ரொட்டி வெட்டவா?’ என்றான். கால்வாயில் போடச் சொன்னேன்.

நேற்று விடுதலைத் தாள் எழுத அதிகாரி கூப்பிட்டார். பெயர் கேட்டார், சொன்னேன். பிறந்த வருஷம் கேட்டார், சொன்னேன். ‘எங்க போயி இருப்ப? தெரு பேரச் சொல்லு’ என்றார்.

என் அப்பா பெயர் அது. வாழ்நாள் முழுக்க நான் சொன்ன பெயர், சண்டையில் சொன்னது, சத்தியத்தில் சொன்னது. எனக்கு வாய் வரவில்லை பெர்மெட். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ‘கால்வாய்ப் பாலம்...’ என்றேன். ‘அதில்லடா, தெரு பேரு’ என்றார். ‘ரெண்டு நெட்டிலிங்க மரம்’ என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மூன்றாவது தடவை கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். கடைசியில் என் பழைய கோப்பைப் புரட்டி அவரே பார்த்து எழுதிக்கொண்டார். நான் அந்தப் பெயர் வராமல் தவித்தது இரண்டு நிமிஷம் கூட இல்லை, ஜிபெக்குக்கு நாற்பத்தேழு.

14ஆம் தேதி காலையில் வெளியே விடுவார்கள். உன் அண்ணியிடம் போய்க் கேட்டு, இந்த ஓட்டுநர் கையிலேயே பதில் அனுப்பு. நான் எந்த முகவரிக்கு வரட்டும்?

எசென்பெக்